தோட்டப்புறச் சிறுநகர ஊராட்சி மன்றம் டிஜிட்டல் வழியில் செலவைக் குறைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் பீடோர், சுங்கை சிப்புட், பகாவ் மாதிரி, ரப்பரும் செம்பனையும் சூழ்ந்த பட்டணங்களைப் பார்த்துக்கொள்ளும் ஊராட்சி மன்றங்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே வரி வருமானம் குறைவு. ஊழியர்களும் குறைவு. ஆனால் தெருவிளக்கு, குப்பை, கால்வாய், சந்தை என்று வேலை மட்டும் பெரிய நகரத்துக்குச் சமமாக இருக்கும்.

புதிதாக இந்த வேலையை எடுத்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் செயலியில் தொடங்குகிறார்கள். பெயர் வைத்து, லோகோ போட்டு, திறப்பு விழாவும் நடந்துவிடும். ஆண்டு முடிவில் கணக்கைப் பார்த்தால் செலவு கூடியிருக்கும். பழைய செலவு அப்படியே ஓட, அதன்மேல் புதிய செலவும் சேர்ந்துவிட்டதுதான் காரணம். அதனால் வரிசை முக்கியம்: முதலில் செலவைத் தெரிந்துகொள்ளுங்கள், பிறகு பதிவேட்டைச் சரிசெய்யுங்கள், அதற்கப்புறம் மென்பொருள், கடைசியாகப் பழைய செலவுத் தலைப்பை மூடுங்கள். பணம் மிச்சமாவது அந்தக் கடைசிப் படியில்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மன்றத் தலைவர் அல்லது செயலாளர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம் வேண்டும். நிதி, மதிப்பீடு, பொறியியல், உரிமம் ஆகிய பிரிவுகள் கேட்ட பதிவுகளைத் தர வேண்டும் என்று அதில் இருக்கட்டும். இது இல்லாமல் போனால் ஒவ்வொரு பிரிவும் அடுத்த பிரிவைக் கைகாட்டும், மாதங்கள் ஓடிவிடும்.

கடந்த மூன்று ஆண்டுச் செலவுக் கணக்கு வேண்டும். தொகுத்த அறிக்கை போதாது. எந்த ரசீதுக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்ற விவரம் வேண்டும்.

ஆட்களாக மூன்று பேர் போதும். கணக்கு தெரிந்த ஒருவர், களத்துக்குப் போகிற ஒருவர், கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்த ஒருவர். கவுண்டர் ஆளை விட்டுவிடாதீர்கள். எந்த வீடு கைமாறியது, எந்தக் கடை மூடியது என்பது கணினியைவிட அவருக்குத்தான் தெரியும்.

மென்பொருளுக்கு எக்செல் போதும். இந்தக் கட்டத்தில் எதையும் வாங்காதீர்கள்.

2. செலவைப் பிரித்துப் போடுங்கள்

மூன்று ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு, டிஜிட்டல் முறையால் குறையக்கூடிய தலைப்புகளை மட்டும் தனியே எடுங்கள். மின்கட்டணம், டீசல், அச்சும் தபாலும், மேலதிக நேரச் சம்பளம், நகல் இயந்திர வாடகை, மென்பொருள் சந்தா ஆகியவைதான் பெரும்பாலும் வரும். வசூலாகாத மதிப்பீட்டு வரியையும், அதாவது வீடு, கடை போன்ற சொத்துகளுக்கு மன்றம் போடும் வரியையும், பக்கத்தில் எழுதுங்கள். அது செலவுக் கணக்கில் வராது, ஆனால் மன்றத்துக்கு அதுவும் இழப்புதான்.

தொகை பெரியதாக இருப்பதிலிருந்து கீழே வரிசைப்படுத்துங்கள். கூட்டத்தாள் அச்சிடுவதை நிறுத்தி டேப்லெட் வாங்குவதில்தான் பலர் முதலில் கைவைப்பார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியும். பட்டியலில் அது அடியில்தான் கிடக்கும். உறுப்பினர்களின் கைப்பேசிக்குக் கோப்பாக அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

3. மின்கட்டணக் கணக்குகளை நேரில் போய்ப் பாருங்கள்

எனக்குத் தெரிந்து மிக வேகமாகப் பலன் தருவது இதுதான். புதிய கருவி எதுவும் வேண்டாம்.

மின்சார நிறுவனமான தெனாகாவிடமிருந்து மன்றத்தின் பெயரில் உள்ள எல்லா மின்கணக்குகளின் பட்டியலையும் கேட்டு வாங்குங்கள். நிதிப் பிரிவு மாதாமாதம் பணம் கட்டும் பட்டியலோடு அதை ஒப்பிடுங்கள். பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் நேரில் போய் ஒரு படம் எடுத்து, கைப்பேசி வரைபடத்தில் இடத்தைக் குறித்து, அது எதற்காக எரிகிறது என்று எழுதுங்கள்.

போனால்தான் தெரியும். கடைக்காரர்கள் புதிய கட்டடத்துக்கு மாறிப் போன பழைய சந்தையில், லாலான் புல் இடுப்பளவு வளர்ந்த மூலையில் மீட்டர் பெட்டி இருக்கும். உள்ளே எண் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். பூட்டிய கழிப்பறை, யாரும் வாடகைக்கு எடுக்காத மண்டபம், ஒரு சங்கத்துக்குக் கொடுத்துவிட்ட கட்டடம் என்று இப்படியும் சில கிடைக்கும். அந்தச் சங்கம் பயன்படுத்தும் மின்சாரத்துக்கு மன்றம் பணம் கட்டிக்கொண்டிருக்கும்.

கிடைத்ததை மூன்றாகப் பிரியுங்கள்: மூட வேண்டியவை, பெயர் மாற்ற வேண்டியவை, கட்டண வகை சரியில்லாதவை. தெருவிளக்குக்கு உள்ள கட்டண வகை வேறு, வணிகக் கட்டண வகை வேறு. தெருவிளக்குக் கணக்கு தவறான வகையில் இருந்தால் எழுத்தில் கேட்டு மாற்றுங்கள். மூடும் கணக்குகளுக்குக் கட்டியிருந்த முன்பணத்தையும் திரும்பக் கேளுங்கள். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஒப்பிடும்போது ரிங்கிட்டில் ஒப்பிடாதீர்கள், யூனிட்டில் ஒப்பிடுங்கள். 2025 ஜூலை 1 முதல் தீபகற்பத்தில் புதிய மின்கட்டண அட்டவணை வந்துவிட்டது. அதற்கு முந்தைய பில்லையும் பிந்தைய பில்லையும் ரிங்கிட்டில் பக்கம்பக்கமாக வைத்தால், உங்கள் வேலையால் குறைந்தது எவ்வளவு, கட்டண மாற்றத்தால் மாறியது எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

4. தெருவிளக்குக் கம்பத்துக்கு எண் கொடுங்கள், பிறகு விளக்கை மாற்றுங்கள்

எல்.இ.டி.க்கு மாறுவது நல்லது, சந்தேகமில்லை. 150 வாட் சோடியம் விளக்கு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் அதன் பேலஸ்ட்டோடு சேர்ந்து சுமார் 170 வாட் இழுக்கும். நம் நாட்டில் இரவு ஏறக்குறைய 12 மணி நேரம். ஆண்டுக்கு 745 யூனிட் வரை வரும். அதே இடத்தில் 70 வாட் எல்.இ.டி. போட்டால் 307 யூனிட். ஒரு விளக்குக்கு 438 யூனிட் மிச்சம். 500 விளக்கு என்றால் ஆண்டுக்கு 2,19,000 யூனிட்.

ஆனால் எண்ணாமல் டெண்டர் விடாதீர்கள். முதலில் ஒவ்வொரு கம்பத்துக்கும் எண் ஒட்டி, இடம், வாட், யாருடைய கம்பம் என்று பதிவு செய்யுங்கள். சில சாலை பொதுப்பணித் துறையுடையது, சில கம்பம் தெனாகாவுடையது, சில சாலை தோட்ட நிறுவனத்தின் நிலத்தில் ஓடுகிறது. பதிவு இல்லாமல் வேலை கொடுத்தால், மற்றவர் கம்பத்தில் மன்றத்துப் பணத்தில் விளக்கு மாட்டுவீர்கள்.

கம்ப எண் இன்னொரு விதத்திலும் உதவும். பட்டப்பகலில் எரியும் விளக்கு என்றால் ஒளி உணரி கெட்டுவிட்டது என்று பொருள். குடியிருப்பவர் "கோயில் பக்கத்து விளக்கு" என்று சொன்னால் குத்தகையாளர் மூன்று கோயிலைச் சுற்றுவார். எண்ணைச் சொன்னால் நேராகப் போவார்.

5. மதிப்பீட்டு வரிப் பதிவேட்டைச் சுத்தம் செய்யுங்கள்

இதுதான் நீண்ட படி, அலுப்பான படி. இதைத் தாண்டிக் குதித்தால் பின்னால் வரும் எதுவும் நிற்காது. தவறான பெயருக்கு வேகமாக பில் அனுப்புவதில் என்ன பயன்?

தோட்டப்புற ஊர்களில் பதிவேடு எப்படிக் கெடுகிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். தோட்டத்தை விட்டு வந்த தொழிலாளர்களுக்கு வீடமைப்புத் திட்டத்தில் வீடு கிடைத்திருக்கும், ஆனால் பதிவேட்டில் இன்னும் மேம்பாட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கும். தாத்தா இறந்து வருடக்கணக்காகியிருக்கும், பில் அவர் பெயருக்கே போகும். சுப்பிரமணியம் என்ற ஒரே ஆளின் பெயர் ரோமன் எழுத்தில் நாலு விதமாகப் பதிவாகியிருக்கும். ஒன்றில் 'மகன்' என்பதற்கான மலாய்ச் சுருக்கம் ஏ/எல் இருக்கும், ஒன்றில் ஆங்கிலச் சுருக்கம் எஸ்/ஓ இருக்கும், ஒன்றில் இரண்டும் இருக்காது. 1990-க்கு முந்தைய பழைய அடையாள அட்டை எண் ஒரு கணக்கில், 12 இலக்கப் புதிய எண் இன்னொன்றில்.

அதனால் பெயரை வைத்துப் பொருத்தாதீர்கள். புதியவர்கள் அடிக்கடி செய்வது இதைத்தான். இருவேறு லெட்சுமிகளின் கணக்கு ஒன்றாகி, ஒருவர் கட்டிய பணம் அடுத்தவருக்குப் போய்விடும். வரிக் கணக்கு எண்ணையும் நில லாட் எண்ணையும் அடிப்படையாக வையுங்கள். பெயர் அதற்குப் பின்னால் வரட்டும்.

வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்.

மூலப் பதிவின் ஒரு நகலை எடுத்து யாரும் தொடாத இடத்தில் வையுங்கள். திருத்தம் எல்லாம் இரண்டாவது நகலில். எதையும் அழிக்க வேண்டாம். சந்தேகமான வரிசைக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதினால் போதும்.

திரும்பி வந்த தபால் உறைகளைத் தேடுங்கள். எங்காவது ஒரு பெட்டியில் கட்டுக் கட்டாக இருக்கும். எந்த முகவரி தவறு என்று அவையே காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கணக்குகளிலிருந்து தொடங்குங்கள்.

பிறகு நில அலுவலகப் பதிவோடு ஒப்பிடுங்கள். 1976-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது 171-ஆம் சட்டத்தின் 160-ஆம் பிரிவுப்படி, சொத்து கைமாறினால் விற்றவரும் வாங்கியவரும் மூன்று மாதத்துக்குள் மன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். அதற்கு 'ஐ' பாரம் இருக்கிறது. உரிமையாளர் இறந்துவிட்டால் 'ஜே' பாரம். பலருக்கு இது தெரியாது. கவுண்டரில் அந்த இரண்டு பாரங்களையும், தமிழில் எழுதிய ஒரு சிறு விளக்கத்தோடு, கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

தொலைபேசி எண்ணைச் சேகரிக்கத் தனி இயக்கம் வேண்டாம். மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரி இறுதிக்குள்ளும் ஆகஸ்ட் இறுதிக்குள்ளும் கட்டப்படுகிறது. அந்த நாட்களில் கவுண்டரில் கூட்டம் நிறையும். ரசீது போடும்போது, "அம்மா, இந்த வீட்டுக்கு யார் போன் நம்பர் போடட்டும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் கோலாலம்பூரிலோ ஜொகூரிலோ வேலை செய்யும் மகன், மகள் எண்ணைத் தருவார்கள். பில் கட்டப்போவதும் அவர்கள்தான், அதனால் அதுவே சரியான எண். செய்தி அனுப்பச் சம்மதம் என்று ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக உரிமப் பட்டியலை வரிப் பட்டியலோடு பொருத்துங்கள். வீடு என்று மதிப்பிட்ட இடத்தில் கார் கழுவும் கடை நடந்தால் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்ததும் உடனே தொகையை மாற்றிவிடாதீர்கள். மதிப்பீட்டுப் பட்டியலைத் திருத்துவதற்குச் சட்டம் சொல்லும் அறிவிப்பும், மறுப்புச் சொல்லும் வாய்ப்பும் உண்டு. அதைக் கொடுக்காமல் பில்லை ஏற்றினால் சிறு வியாபாரிக்கு அநியாயம், மன்றத்துக்கும் வழக்கு.

6. பணம் கட்டும் வழியைத் திறங்கள்

பதிவேடு ஓரளவு சரியானதும் இதைச் செய்யுங்கள். ஜோம்பே, எஃப்.பி.எக்ஸ்., டூயிட்நவ் கியூ.ஆர். மூன்றும் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கட்ட மக்கள் ஏற்கெனவே பயன்படுத்துபவை. மூன்றையும் நடத்துவது பேநெட் என்ற நிறுவனம். மன்றத்துக்கென்று தனிப் பணப்பை செயலி தேவையே இல்லை.

வங்கியிடம் பேசும்போது இரண்டு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். ஒவ்வொரு கட்டணத்துக்கும் மன்றத்திடம் எவ்வளவு பிடிப்பீர்கள்? தினசரிக் கணக்குக் கோப்பை எந்த வடிவில் தருவீர்கள்? இரண்டாவது கேள்விதான் முக்கியம். கோப்பு தானாக வரிப் பதிவேட்டில் ஏறாவிட்டால், ஒரு கிராணி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டிவரும். கவுண்டரில் குறைந்த வேலை பின்னறையில் கூடிவிடும்.

பில்லில் கணக்கு எண்ணைப் பெரிதாக அச்சிடுங்கள். பணம் கட்டுபவர் ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்தால் பணம் யாருடையது என்று தேடும் வேலை வரும். ஒவ்வொரு பில்லுக்கும் அதன் எண்ணும் தொகையும் பதிந்த கியூ.ஆர். குறியீடு போட முடிந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ரொக்கக் கவுண்டரை மூடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் பழைய ரசீதுகளை எல்லாம் மடித்துக் கொண்டுவந்து, முத்திரை குத்திய தாளைக் கையில் வாங்கினால்தான் நிம்மதியாகும் பெரியவர்கள் நம் ஊரில் அதிகம். அவர்கள் காலமெல்லாம் ஒழுங்காகக் கட்டியவர்கள். மூன்று கவுண்டரை ஒன்றாக்கலாம், அந்த ஒன்றை வைத்திருங்கள்.

7. அச்சையும் தபாலையும் படிப்படியாகக் குறையுங்கள்

ஒரே நாளில் காகித பில்லை நிறுத்தும் மன்றத்தில் அடுத்த அரையாண்டு வசூல் சரியும். சம்மதக் கையெழுத்து கொடுத்தவர்களுக்கு மட்டும் முதல் சுற்றில் செய்தியாக அனுப்புங்கள், தாளும் போகட்டும். செய்தி கிடைத்துக் கட்டியவர்களுக்கு அடுத்த சுற்றில் தாளை நிறுத்துங்கள்.

செய்தியில் இணைப்பு வைக்காதீர்கள். மோசடிச் செய்திகளால் மக்கள் பயந்திருக்கிறார்கள், பயப்படுவதும் நியாயம். கணக்கு எண், தொகை, கடைசித் தேதி, மன்றத்தின் தொலைபேசி எண், இவை போதும்.

சட்டப்படி அனுப்ப வேண்டிய நோட்டீசுகள் வேறு. நிலுவைக்கான 'ஈ' பாரம், அதற்குப் பின் வரும் 'எஃப்' பார வாரண்ட் ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அனுப்பியாகிவிட்டது என்று கணக்கு வைக்காதீர்கள். சட்டப் பிரிவு சொல்லும் முறையிலேயே அவை போகட்டும். வழக்கு என்று வந்தால் அதுதான் நிற்கும்.

8. குப்பை லாரியின் தடத்தைப் பாருங்கள்

ஜொகூர், மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங், கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் திடக்கழிவு வேலை 672-ஆம் சட்டத்தின் கீழ் கூட்டரசிடம் போய்விட்டது. பேராக், சிலாங்கூர் போன்ற இடங்களில் பொறுப்பு இன்னும் உள்ளூரில்தான். சொந்த லாரி ஓட்டும் மன்றத்துக்கே இந்தப் படி.

2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. அதிலிருந்து வீணாக ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் உறைக்கிறது.

ஜி.பி.எஸ். பொருத்தும் முன் ஒவ்வொரு தடத்திலும் ஓட்டுநரோடு ஒருமுறை போய்வாருங்கள். ஏன் சுற்றுவழியில் போகிறார் என்று அங்கேதான் தெரியும். தோட்டத்துக் கேட் குறிப்பிட்ட நேரத்தில்தான் திறக்கும். மழை பெய்தால் சிறிய பாலத்தில் ஏற முடியாது. பள்ளி விடும் நேரத்தில் அந்தச் சந்தில் லாரி திரும்பாது. இதெல்லாம் தெரியாமல் கணினி போட்ட தடம் இரண்டு நாள்கூடத் தாங்காது.

பிறகு ஜி.பி.எஸ். தூரத்தையும் எண்ணெய் ரசீதையும் குப்பைக் கிடங்கின் எடை ரசீதையும் ஒரே தாளில் வாரம் ஒருமுறை சேருங்கள். ஒரு டன்னுக்கு எத்தனை லிட்டர் என்று பாருங்கள். பாதி காலியாகத் திரும்பும் நடை, இன்ஜினை அணைக்காமல் நிற்கும் நேரம், ஒரே தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) இருமுறை போவது எல்லாம் அதில் தெரியும்.

தொழிலாளர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இது தண்டிப்பதற்கு அல்ல என்று. சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். அவர்கள் ஒத்துழைக்காவிட்டால் கருவி இருந்தும் பயனில்லை.

9. புகாருக்கு ஒரே பதிவேடு

கவுன்சிலரின் வாட்ஸ்அப், தலைவரின் முகநூல், கவுண்டர், தொலைபேசி என்று நாலு வழியில் ஒரே குழி நாலு புகாராக வரும். நாலு முறை ஆள் போவார்கள். எந்த வழியில் வந்தாலும் ஒரே பதிவேட்டில் எண் போட்டு ஏற்றுங்கள். இடம் வரைபடத்தில் விழுந்தால் ஒன்றேதான் என்று உடனே தெரியும். வேலை முடிந்ததும் படம் இணைத்தால் மட்டுமே புகாரை மூடுங்கள். குத்தகையாளரின் பில்லையும் அந்தப் படத்தோடு சேர்த்தே பாஸ் செய்யுங்கள்.

10. சாலைகளைப் பதிந்து மானியத்தைக் கேளுங்கள்

இது செலவைக் குறைப்பது அல்ல, வர வேண்டியதை வாங்குவது. ஆனாலும் சேர்க்கிறேன், ஏனென்றால் சிறிய மன்றங்கள் இங்கேதான் நிறைய விட்டுவிடுகின்றன. மாநிலச் சாலைப் பராமரிப்புக்குக் கூட்டரசு தரும் மானியம், மாரிஸ் என்ற சாலைப் பதிவு முறையில் உள்ள சாலைகளை வைத்துக் கணக்கிடப்படுகிறது. பதியாத சாலைக்குப் பணம் வராது, ஆனால் குழியை மன்றம்தான் அடைக்க வேண்டும்.

ஜாலான் (சாலை), லோரோங் (சந்து) ஒவ்வொன்றையும் நீளம், அகலம், தொடக்க முடிவு இடங்களோடு வரைபடத்தில் போட்டு, மாரிஸ் பட்டியலோடு ஒப்பிடுங்கள். விடுபட்டவற்றுக்கு விண்ணப்பியுங்கள். தனியார் தோட்ட நிலத்துக்குள் ஓடும் சாலை பொதுவாக இதில் வராது. அதற்கு நில ஒதுக்கீட்டை முதலில் முடிக்க வேண்டும்.

11. இப்போது மென்பொருள் வாங்கலாம்

இவ்வளவும் செய்த பிறகுதான் உங்களுக்கு என்ன தேவை என்று தெரியும். பல மன்றங்களுக்குப் புதிதாக எதுவும் தேவைப்படாது.

முதலில் வீடமைப்பு ஊராட்சித் துறை அமைச்சிடம் மன்றங்களுக்கான பொது மென்பொருள் பற்றிக் கேளுங்கள். மாநில அரசிடமும் கேளுங்கள். அடுத்து பக்கத்து மன்றத்துக்குப் போய், அவர்கள் வாங்கியதை உண்மையில் பயன்படுத்தும் கிராணியிடம் பேசுங்கள், நிறுவனத்தின் விற்பனையாளரிடம் அல்ல. இரண்டு மூன்று மன்றங்கள் சேர்ந்து ஒரே மென்பொருளை எடுத்தால் விலையும் பேசலாம், பயிற்சியும் பகிரலாம்.

ஒப்பந்தத்தில் இவை எழுத்தில் இருக்கட்டும். தரவு மன்றத்துடையது. கேட்டபோதெல்லாம் எக்செலில் திறக்கக்கூடிய கோப்பாகத் தர வேண்டும், கட்டணம் இல்லாமல். முதல் ஐந்து ஆண்டுப் பராமரிப்புத் தொகை இப்போதே சொல்லப்பட வேண்டும். முதல் ஆண்டு மலிவாகக் கொடுத்து, பராமரிப்பில் எடுத்துக்கொள்வது வழக்கமாக நடப்பதுதான். தரவைத் திரும்ப எடுக்க முடியாத மன்றத்துக்குப் பேரம் பேச வழியே இருக்காது.

சர்வரைக் கீழ்த்தளத்தில் வைக்காதீர்கள். ஆற்றோரப் பட்டணங்களில் வெள்ளம் முதலில் வருவது அங்கேதான். நகல் ஒன்று கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அந்த நகலிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஊழியர் மாற்றலாகிப் போனால் அன்றே அவர் கடவுச்சொல்லை மூடுங்கள்.

12. பழைய செலவை மூடுங்கள்

ஒரு தாளில் நாலு நெடுவரிசை போடுங்கள்: எந்தச் செலவுத் தலைப்பு, எவ்வளவு குறையும், எந்தத் தேதியிலிருந்து, யார் கையெழுத்து. மேலே செய்த ஒவ்வொரு படிக்கும் இந்தத் தாளில் ஒரு பதிவு இருக்க வேண்டும். தாளில் பதிவு இல்லாத படி மிச்சம் தரவில்லை என்று பொருள்.

அச்சு ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படுவதாக இருந்தால், அறிவிப்புக் காலத்தைப் பார்த்து முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். நகல் இயந்திரத்தைத் திருப்பி அனுப்புங்கள். "இருக்கட்டுமே, எதற்கும் உதவும்" என்று ஒருவர் சொல்வார். அந்தப் பேச்சுக்கு இடம் கொடுத்தால் வாடகை இன்னும் ஓர் ஆண்டு ஓடும். கைப்பட எழுதும் பழைய பேரேட்டுக்கும் ஒரு கடைசித் தேதி வையுங்கள். பேரேட்டிலும் கணினியிலும் இருமுறை எழுதும் ஊழியருக்குத்தான் மேலதிக நேரம் ஏறுகிறது.

ஆட்களைக் குறைப்பதை மிச்சமாகக் கணக்கிடாதீர்கள். கவுண்டரில் விடுபட்டவரை நிலுவை வரி பின்தொடரவும் களச் சரிபார்ப்புக்கும் அனுப்புங்கள். அந்த வேலைக்கு எப்போதும் ஆள் போதாது.

அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் தயாராகும்போது குறைந்த தொகையை அந்தந்தத் தலைப்பிலிருந்து வெட்டி எழுதுங்கள். வெட்டிய பணம் எங்கே போகிறது என்பதையும் அதே கூட்டத்தில் முடிவு செய்யுங்கள்: கால்வாய் சுத்தமா, சந்தைக் கூரையா, விளையாட்டுத் திடலா. மின்கட்டணத் தலைப்பில் மிஞ்சியதை அங்கேயே விட்டால் ஆண்டு இறுதிக்குள் வேறு எதற்காவது செலவாகிவிடும்.